மாமியாரை மடக்கியவள்

"மாமியாருன்னுகூடப் பார்க்காம எப்படி மடக்குறா பாருங்க! வீட்டுல என்ன பாடுபடுத்துவாளோ!"

பின்வரிசையில் இருந்த பல் டாக்டர் சொன்னது, முன்வரிசையில் இருந்த கணவனின் காதில் நன்றாகவே விழுந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் அவன் அம்மா. இந்தப் பக்கம் அவன் மனைவி. நடுவில் கோட்டை விளையாட்டின் இறுதிப் போட்டி.

அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மறுபடி உட்கார்ந்து காலை ஆட்டினான்.

அம்மா முப்பது வருஷம் பஸ் டிப்போவில் நேர அட்டவணை போட்டவர். எந்த வண்டி எங்கே எதிரே வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நூலக மாடியில் வருஷா வருஷம் நடக்கும் இந்தப் போட்டியில் மூன்று முறை கோப்பை வாங்கியவர்.

எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம். வலது கை இன்னும் மடியிலேயே கிடக்கிறது. நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது குழறுகிறது.

விளையாட்டு என்னவோ எளிதுதான். பைக்குள் கையை விட்டுப் பார்க்காமல் ஒரு சதுர அட்டையை எடுக்க வேண்டும். மேசையில் இருக்கும் அட்டைகளோடு அதைப் பொருத்த வேண்டும். சாலையோடு சாலை, மதிலோடு மதில். கோட்டையைச் சுற்றி மூடிவிட்டால் மதிப்பெண் கொட்டும். மூட முடியாவிட்டால் உள்ளே நிறுத்திய சிப்பாய்கள் கடைசிவரை அங்கேயே மாட்டிக்கொள்வார்கள்.

அம்மா இடது கையால் தட்டுத் தடுமாறி ஒரு பெரிய கோட்டை கட்டியிருந்தார். உள்ளே மூன்று சிப்பாய்கள். ஒரே ஒரு இடம்தான் பாக்கி.

மருமகள் பையிலிருந்து ஒரு சாலை அட்டையை எடுத்தாள். தன் பக்கத்தில் வைத்திருந்தால் அவளுக்கே ஐந்தாறு மதிப்பெண் கிடைத்திருக்கும். வைக்கவில்லை. மாமியாரின் கோட்டையில் இருந்த அந்த ஓட்டையை ஒட்டி வைத்தாள்.

ஹாலில் ஒரு முனகல்.

இனி அந்த ஓட்டையை அடைக்க, இரண்டு பக்கம் மதிலும் ஒரு பக்கம் சாலையும் உள்ள அட்டை வேண்டும். அப்படிப்பட்ட அட்டை மொத்தமே இரண்டு. இரண்டும் ஏற்கெனவே மேசைக்கு வந்துவிட்டன.

கோட்டை அவ்வளவுதான். மூன்று சிப்பாய்களும் அவ்வளவுதான்.

இடைவேளை மணி அடித்ததும் கணவன் மனைவியை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"உனக்கு மனசாட்சியே இல்லையா?"

"ஏங்க, விதியை மீறினேனா?"

"விதியாம் விதி! உடம்பு முடியாம போனப்புறம் அம்மா வீட்டை விட்டு வந்து ஆடுற முதல் போட்டி இது. தோத்தா தாங்குவாங்களா?"

அவள் தண்ணீர்க் குழாயில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"கேக்குறேன்ல? இன்னும் பதினாறு அட்டைதான். கொஞ்சம் விட்டுக் குடு. யாருக்கும் தெரியப் போறதில்ல."

"அது என்னால முடியாதுங்க."

"ஒரு கோப்பைக்காக இப்படியா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆட்டம் தொடர்ந்தது. அம்மாவின் நெற்றியில் வியர்வை. உதட்டைக் கடித்துக்கொண்டார். ஒரு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் மேசையையே முறைத்தார்.

கணவனால் தாங்க முடியவில்லை. நேராக நடுவரிடம் போனான்.

"சார், அம்மாவுக்கு முடியல. நிறுத்திடலாமே?"

அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை.

"வாயை... மூடு!"

சிரிப்பொலி எழுந்தது. அவன் முகம் சிவந்து நாற்காலிக்குத் திரும்பினான். அம்மா அந்த அட்டையை மருமகளின் நீண்ட சாலையில் கொண்டுபோய் வைத்தார். சாலை பாதியிலேயே முடிந்துபோனது. மருமகளுக்கு இப்போது வியர்த்தது.

அடுத்த இருபது நிமிஷம் இருவரும் மாற்றி மாற்றி வெட்டிக்கொண்டார்கள். கடைசி அட்டை மருமகளுக்கு வந்தது. அதை வைத்து ஒரு சின்னக் கோட்டையை மூடினாள்.

நடுவர் கூட்டிப் பார்த்துச் சொன்னார். "எண்பத்து நாலு, எண்பத்து ஏழு. மருமகள் ஜெயிச்சிருக்காங்க."

ஒருவரும் கை தட்டவில்லை.

"நானும்தான் அரையிறுதியில அந்தம்மாகூட ஆடினேன். இப்படியா அடிச்சேன்?" என்றார் பல் டாக்டர்.

திடீரென்று பட், பட் என்று சத்தம். அம்மா இடது உள்ளங்கையால் மேசையை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். அட்டைகள் எகிறின.

கணவன் பதறிக்கொண்டு ஓடினான்.

"அம்மா, கோவப்படாதம்மா! அவளை நான் வீட்டுல கேட்டுக்கறேன்."

"லூசு... கை தட்டுறேன்டா!" என்றார் அம்மா. "ஒத்தைக் கையால... வேற எப்படித் தட்டுறது?"

அம்மா மருமகளைப் பார்த்தார்.

"அந்தச் சாலை அட்டை... எப்போ யோசிச்சே?"

"நீங்க மூணாவது சிப்பாயை உள்ள விட்டப்பவே அத்தை. விட்டிருந்தா என்னை முடிச்சிருப்பீங்க."

"அடிப்பாவி!"

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைத்துவிட்டு, மகனையும் அவன் பின்னால் நின்ற பல் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

"எட்டு மாசமா எல்லாரும் எங்கிட்ட வேணும்னே தோத்தீங்க... எனக்குத் தெரியாதா? இவ ஒருத்திக்குத்தான்டா... இன்னும் என்னைக் கண்டா பயம்!"