தாத்தாவின் பம்பு

பட்டறை முதலாளி வக்கீலின் எதிரே சாயாமல் உட்கார்ந்தார். யார் முன்னாலும் முதுகு வளையாத பரம்பரை.

"எங்கப்பா வடிவமைச்ச பம்பு, வக்கீல் சார். இப்ப ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி காப்புரிமை வாங்கிட்டு, அவங்க நாட்டுக்கு நான் அனுப்பக் கூடாதுங்குது."

"உங்கப்பா பதிவு பண்ணலையா?"

"கேட்டவங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார். பதிவு பண்ண எங்க நேரம்?"

வக்கீல் சிரித்துவிட்டார். "ரத்து பண்ணிடலாம். ஆனா தன்னோட கண்டுபிடிப்புன்னு கையெழுத்துப் போட்ட இன்ஜினியரைத் திருடன்னு ஊரறியச் சொல்லணும். சம்மதமா?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார்.

"எங்கப்பா பேரைவிடவா? சொல்லுங்க."

"நோட்டீஸ் அனுப்ப அந்த ஆளோட விலாசத்தைத் தேடணும்."

"தேட வேண்டாம், எங்கிட்டயே இருக்கு. பிள்ளைக்குக் குளிருமேன்னு என் சம்சாரம் பின்னின ஸ்வெட்டரைப் போன மாசம்தான் பார்சல்ல அனுப்பினேன்."