ஊர் வந்து சேராதவர்கள்

மலைப்பாதைகளில் ஒரு மாதம் சுற்றிவிட்டு நகரத்துக்குத் திரும்பிய மோட்டார் சைக்கிளுக்கு ஆபீஸ் போவது பிடிக்கவே இல்லை. சிக்னலுக்குச் சிக்னல் வேண்டுமென்றே அணைந்துபோனது. அதை ஓட்டும் தமீம் தினமும் தாமதமாகப் போய் மேனேஜரிடம் திட்டு வாங்கினான்.

“அந்த மனுஷனை ஏன் இந்தப் பாடு படுத்துகிறாய்?” என்று கேட்டது, பார்க்கிங்கில் பக்கத்தில் நிற்கும் ஸ்கூட்டர்.

“பனிமலையைத் தாண்டி வந்தவன் நான். இங்கே இரண்டாவது கியரைப் போடக்கூட இடமில்லை. அவனுக்கு எல்லாம் மறந்துவிட்டது. சட்டையை இன் பண்ணிக்கொண்டு காலையில் ஜோராகக் கிளம்பிவிடுகிறான்.”

மறுநாள் மேம்பாலத்துக்குக் கீழே சிவப்பு விழுந்தது. வண்டி அணைவதற்குள் தமீமே எஞ்சினை அணைத்துவிட்டான். கட்டடங்களுக்குப் பின்னால் மழைமேகங்கள் மலைத்தொடர் போல அடுக்கடுக்காக எழுந்திருந்தன. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பச்சை விழுந்தது. பின்னால் பஸ் ஹாரன் அலறியது. அவன் அசையவில்லை.

“யோவ், வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?” என்று கத்தினார் ஆட்டோக்காரர் ஒருவர்.

தமீம் திடுக்கிட்டு நிமிர்ந்தான். விரல் ஸ்டார்ட்டரைத் தேடியது. அது பட்ட உடனேயே மோட்டார் சைக்கிள் உறுமிக் கிளம்பியது.

“இன்றைக்கு நீ எங்குமே அணைந்துபோகவில்லையாமே?” என்றது ஸ்கூட்டர், சாயங்காலம்.

“அவனும் இன்னும் ஊர் வந்து சேரவில்லை. எங்கள் இரண்டு பேரில் ஒருவராவது ரோட்டைப் பார்க்க வேண்டாமா?”