கட்டம் போட்ட துணி

குடிசைக் கதவில் இருந்த முடிச்சு நான் போட்டது இல்லை.

போன கோடையில் இந்தக் கதவைச் சாத்திக் கயிறு சுற்றியவன் நான்தான். என் முடிச்சு எனக்குத் தெரியும். இது வேறு கை.

கயிற்றைப் பிடித்தபடி நின்றேன்.

"என்ன பெரிசு, கதவோட பேச்சுவார்த்தையா?" என்றான் பின்னால் நின்ற மர்டோ. எங்கள் நீராவிக் கப்பலில் மாலுமிகளுக்கு அவன்தான் மேஸ்திரி. "அலை ஏறுது. படகு பாறையில அடிபட்டா அப்புறம் பென்குயின் வீட்டுல பொண்ணு எடுக்க வேண்டியதுதான்."

நான் கயிற்றை விடவில்லை.

தென்கடலின் கோடியில் கிடக்கும் இந்த ஆன்டிபோடீஸ் தீவுகளில் குடியிருப்பவர் யாரும் கிடையாது. எரிமலை கக்கிய கறுப்புப் பாறை, இடுப்பளவு புல், பறவை நாற்றம், அவ்வளவுதான். கப்பல் உடைந்து ஒதுங்குகிறவர்களுக்காக அரசாங்கம் இங்கே ஒரு குடிசை கட்டிப் பெட்டி வைத்திருக்கிறது. பிஸ்கட், தீப்பெட்டி, கத்தி, மூன்று கம்பளி உடுப்பு. வருஷத்துக்கு ஒருமுறை நாங்கள் வந்து பார்ப்போம்.

அந்த உடுப்பின் துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. மஞ்சளும் சிவப்புமாகக் கட்டம் போட்டது. கண்ணைக் குத்தும். எவனாவது திருடி உடுத்தினால் ஊருக்குள் அதுவே காட்டிக்கொடுக்கட்டும் என்று அப்படி நெய்தார்கள். சாகக் கிடப்பவனுக்கு உடுப்பும் கொடுக்கிறார்கள், அவன் மேல் சந்தேகமும் படுகிறார்கள். அரசாங்கம் செய்ததில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். நான் யாரையும் நம்புகிறவன் இல்லை.

பாதிரியாரையும் நம்பவில்லை. என் மகன் லாக்லன் வேலைக்குப் போன கப்பல் இலையுதிர் காலத்தில் இந்தக் கடலில்தான் எங்கோ காணாமல் போனது. எல்லோரும் செத்தார்கள் என்று அவர் ஜெபம் வைத்தார். நான் கோயில் பக்கம் போகவில்லை. இந்தப் பயணத்துக்குக் காத்திருந்தேன்.

இப்போது வந்து நிற்கிறேன், திறக்கத் துணிவில்லை. முடிச்சை வைத்து என்ன நம்புவது? திருடனும் முடிச்சுப் போடுவான்.

குளிர்காலத்தில் அப்படி ஒருத்தன் அகப்பட்டான். விடியுமுன் ஒரு கள்ளக் கடல்நாய் வேட்டைப் படகு அவனை எங்கள் ஊர்த் துறையில் இறக்கிவிட்டு ஓடிவிட்டது. மேலே கட்டம் போட்ட உடுப்பு. பின்லாந்துக்காரன். அவன் பேச்சு ஒருவருக்கும் புரியவில்லை. நீதிபதி முன்னால் மூன்று விரலைக் காட்டினான். திரும்பத் திரும்பக் காட்டினான். மூன்று உடுப்பு திருடியதாக ஒப்புக்கொண்டான் என்று எழுதி, உடுப்புக்கு ஒரு மாதமாக மூன்று மாதம் போட்டார்கள். ஊரே சிரித்தது.

சிறைக்குக் கொண்டுபோகும்போது கூட்டத்தில் நின்ற என் முழங்கையைப் பிடித்தான். விடவே இல்லை. அழுதுகொண்டே என்னவோ கத்தினான். கான்ஸ்டபிள் அடித்துப் பிரித்தார்.

"பையப் பாத்துக்க பெரியவரே, இவன் கை சும்மா இருக்காது."

நான் பையைத் தடவிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது.

முடிச்சை அவிழ்த்தேன்.

உள்ளே யாரும் இல்லை. புகை நாற்றம். தரையில் புல் பரப்பி மூன்று படுக்கை. இரண்டில் பூஞ்சணம் பூத்திருந்தது. ஒன்றில் மட்டும் ஆள் படுத்த குழி.

மர்டோ பெட்டியைத் திறந்தான். பிஸ்கட் இல்லை. கட்டம் போட்ட உடுப்பு ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் உப்பேறி விறைத்த பழைய உடுப்புகள் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன. கடன் வாங்கினவன் அடகு வைத்துப்போனது மாதிரி.

ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டான். மூன்றாவதாக வந்தது ஒரு பழுப்புக் கம்பளிச் சட்டை. இரண்டு முழங்கையிலும் பச்சை நூலில் ஒட்டு.

பழுப்பு நூல் தீர்ந்துபோன வருஷம் என் வீட்டுக்காரி போட்ட ஒட்டு அது. ஊரில் பச்சை முழங்கை உள்ளவர்கள் இரண்டே பேர். ஒருத்தன் நான்.

மர்டோ அந்தச் சட்டையைப் பார்த்தான். பிறகு என் முழங்கையைப் பார்த்தான். அவனும் லாக்லனும் ஒன்றாக மீன் பிடித்துத் திரிந்தவர்கள்.

"அந்த மூணு விரல்... மூணு பேருன்னு சொல்லியிருக்கான் பெரிசு," என்றான். "மூணு பேருன்னு."

அந்த வேட்டைக்காரர்கள் யாருக்கும் காத்திருக்கிறவர்கள் இல்லை. கரையில் நின்றவனை ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். மற்ற இருவர் தீவின் அந்தப் பக்கம் பறவை பிடிக்கப் போயிருக்கலாம்.

அடுப்புச் சாம்பலுக்குள் கையை விட்டேன். அடியில் சூடு இருந்தது.

எத்தனை பேருக்கான சூடு என்று சாம்பல் சொல்லாது. படுக்கை சொல்லிவிட்டது: ஒருவன். எந்த ஒருவன் என்று அதுவும் சொல்லவில்லை.

தூரத்தில் எங்கள் கப்பல் சங்கு ஊதியது. அது அடங்கியதும் வெளியே புல் சரசரத்தது. காற்று இல்லை. யாரோ விழுந்து எழுந்து ஓடி வருகிற சத்தம்.

வாசலில் வெளிச்சம் மறைந்தது.

மஞ்சள், சிவப்புக் கட்டம். கால்சட்டையின் ஓரம் கிழிந்து தொங்கியது. பாதத்தில் கடல்நாய்த் தோல் சுற்றியிருந்தது. அந்தத் துணிக்குள் யார் நின்றாலும் கால் ஒரே மாதிரிதான் தெரியும்.

மர்டோவின் கை என் தோளைப் பற்றி இறுக்கியது. வந்தவன் முகத்தை அவன் பார்த்துவிட்டான்.

நான் இன்னும் காலையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.