கூரைக் கண்ணாடி உடைந்த விதம்

2025 ஜூலை 17, வியாழக்கிழமை, ஆடி முதல் நாள். தென்காசியில் செங்கோட்டை ரோட்டிலுள்ள குத்தாலிங்கத்தின் ஒர்க்‌ஷாப்புக்குக் காலை ஒன்பது மணிக்கு ஒரு பழைய கார் வந்தது. அதன் சன்ரூஃபில் கண்ணாடி இல்லை.

உரச்சாக்கைப் பிரித்து டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். சாரலில் டேப் ஊறி, ஒரு முனை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

ஓட்டி வந்தவன் இசக்கிமணி. திருவேங்கடத்துக்காரன், ஆயுதப்படையில் போலீஸ்.

மறுபக்கம் அவன் மனைவி அபி இறங்கினாள். மடியில் சேர்ந்திருந்த தண்ணீரை உதறிவிட்டு ரோட்டைப் பார்த்தாள். போகிற ஒவ்வொரு பஸ்ஸின் பலகையையும் படித்தாள்.

அங்கிருந்து அரை மணி நேரத்தில் இலத்தூர். அவள் பிறந்த ஊர்.

குத்தாலிங்கத்துக்கு விஷயம் தெரியும். அவன் மனைவிக்கும் இலத்தூர்தான். இசக்கிமணி, அபி கல்யாணப் பந்தியில் வைத்தே சம்பந்திகள் இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் இசக்கிமணியின் அம்மா தட்டில் சூடம் ஏற்றி அவன் முன்னால் நீட்டினாள்.

அபியை இலத்தூருக்கு நான் கூட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று சத்தியம் செய்து, அவன் சூடத்தை அணைத்தான்.

முதல் ஆடிக்கு அவளை அழைத்துப்போக அவள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் அனுப்பியிருக்கமாட்டார்கள்.

அந்த ஆடியில்தான் கார் முதன்முதலாக ஒழுகியது.

சன்ரூஃபின் நான்கு மூலைகளிலும் தண்ணீர் வடிவதற்குச் சிறு குழாய்கள் உண்டு. நான்கிலும் கரிசல் மண் அடைத்திருந்தது. குத்தாலிங்கம் கழற்றி ஊதி மாட்டி முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அபி பஸ் ஏறி இலத்தூர் போய், அரை மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். இசக்கிமணி ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். எங்கே போனாய் என்று கேட்கவில்லை.

போன ஆடியிலும் அதே ஒழுக்கு, அதே மண், அதே மூன்று மணி நேரம்.

குத்தாலிங்கம் அந்தத் தடவை குழாய்களின் வாயில் மண் புகாதபடி வலை வைத்துக் கட்டினான். இனி ஜென்மத்துக்கும் ஒழுகாது என்று கையடித்துச் சொன்னான். இசக்கிமணி சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

இப்போது கண்ணாடியே போய்விட்டது.

"எப்படி அண்ணாச்சி உடைஞ்சுது?"

"குரங்கு குதிச்சிட்டு."

"உங்க ஊர்லயா? மழையே எட்டிப் பாக்காத ஊருக்குக் குரங்கு எங்கன இருந்து வருது?"

"குத்தாலத்துல இருந்து வழி தப்பி வந்திருக்கும். நீ வேலையப் பாரு."

காருக்கு வயது பதினெட்டு. அதற்குப் புதுக் கண்ணாடி இப்போது எங்கும் வருவதில்லை. குத்தாலிங்கம் நாலு பேருக்குப் போன் போட்டான். கோயம்புத்தூரில் பழைய கார்களைப் பிரித்து விற்கும் ஒருவரிடம் ஒன்று இருந்தது. பஸ் பார்சலில் போடச் சொன்னான்.

"இன்னைக்கு முடியாது அண்ணாச்சி. ரெண்டு நாளாவது ஆவும்."

அபி திரும்பிப் பார்த்தாள்.

கல்யாணமான பிறகு அவள் அப்பா வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. தங்கவேண்டும் என்று யாரிடமும் கேட்டதுமில்லை. இப்போதும் கேட்கவில்லை. புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

குத்தாலிங்கம் கண்ணாடித் துகள்களை அள்ள ஆரம்பித்தான். கல்கண்டு உடைத்துக் கொட்டியதுபோல வண்டி முழுவதும் கிடந்தது. முன்சீட்டை மட்டும் உட்காரும் அளவுக்குக் கூட்டித் தள்ளியிருந்தார்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், காலடியில், ஒரு நீலப் பை இருந்தது. அதை வெளியே தூக்கினான்.

பையின் மடிப்புகளில் கண்ணாடி. ஜிப்பின் பல்லிடுக்கில் கண்ணாடி. பக்கத்துப் பையில் ஒரு கை அளவுக்குக் கண்ணாடி.

பை இருந்த இடத்தில் மட்டும் ஒரு துகள் இல்லை.

குரங்கு குதிப்பதற்கு முன்பே பை வண்டியில் ஏறியிருந்தது.

குத்தாலிங்கம் இசக்கிமணியைப் பார்த்தான். பிறகு பையைத் தட்டி உதறி அபியிடம் நீட்டினான்.

"பாத்து எடும்மா. உள்ளயும் கிடக்கும்."

அபி கைநீட்டவில்லை.

"இந்தப் பைய நான் எடுத்து வைக்கலியே" என்றாள்.

இசக்கிமணி முன்டயரைக் காலால் மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். டயரில் குறை எதுவும் இல்லை.

அவள் பையை வாங்கி ஜிப்பைத் திறந்தாள். மூன்று சேலைகள். அந்த மூன்றில் எதற்கும் சேராத மூன்று ஜாக்கெட்டுகள். செய்தித்தாளில் சுற்றிய ஒரு பல்துலக்கும் பிரஷ்.

பிரஷைத் திரும்பவும் தாளில் சுற்றி வைத்தாள்.

"கோட்டியா பிடிச்சிருக்கு உங்களுக்கு?" என்றாள்.

"குரங்குன்னு சொல்லுதேன்லா" என்றான் அவன், டயரைப் பார்த்தபடியே.

இலத்தூர் பஸ் வந்துகொண்டிருந்தது. குத்தாலிங்கம் ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டி நிறுத்தினான். அபி பையை மார்போடு அணைத்துக்கொண்டு சாரலில் ஓடி ஏறினாள்.

பஸ் போன பிறகும் இசக்கிமணி அந்தத் திசையைப் பார்த்தபடியே நின்றான். பிறகு ரோட்டைக் கடந்து, திருவேங்கடம் போவதற்காகச் சங்கரன்கோவில் பஸ் பிடிக்க நடந்தான்.

கண்ணாடி வெள்ளிக்கிழமை காலையே வந்துவிட்டது. வண்டி ரெடி என்று குத்தாலிங்கம் போன் செய்தது அடுத்த புதன்கிழமை.