வடிதாளில் ஒரு சொட்டு

வடிதாளில் ஒரு சொட்டு பெட்ரோல் விட்டேன். ஜேசுராஜ் அதையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

பெட்ரோல் பங்குக்குச் சொந்தக்காரர், தலை நரைத்த மனுஷன். ஆனால் பரீட்சை முடிவு பார்க்க வந்த பையனைப் போலக் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

போடி சாலையில் இருக்கும் இந்த பங்கில் மண்ணெண்ணெய் கலக்கிறார்கள் என்று, பெயர் சொல்லாத ஓர் ஆள் மதுரையில் எங்கள் ஆபீசுக்கு போன் போட்டிருந்தான். முன்பும் இப்படிச் சில தடவை போன் வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சோதிக்க வந்தது நான்தான். ஒரு தடவைகூட எதுவும் அகப்படவில்லை.

பெட்ரோல் ஒற்றைப் பொருள் இல்லை. பலவகை ஹைட்ரோகார்பன்கள் சேர்ந்த கூட்டம் அது. லேசானவை முதலில் ஆவியாகும். கனமானவை கொஞ்சம் தாமதித்துக் கிளம்பும். நல்ல பெட்ரோல் என்றால் கடைசியில் தாளில் ஒன்றும் மிஞ்சாது. மண்ணெண்ணெய் கலந்திருந்தால் அது மட்டும் போக மனமில்லாமல் கறையாக உட்கார்ந்துவிடும்.

அந்தக் கறையைப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. அதனால் எந்த பங்கிலும் என் முகத்தைக் கண்டால் ஆகாது. குடிக்கத் தண்ணீர் கேட்டால் குழாயைக் கைகாட்டுவார்கள். மதுரையில் என் அறையிலும் எனக்காக உலை வைக்க ஆளில்லை.

ஜேசுராஜ் மட்டும்தான் சாப்பிடச் சொல்லுவார். மனைவி சுகிர்தம் இறந்த பிறகு, பங்குக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் அவரே பொங்கிச் சாப்பிடுகிறார். ஏலக்காய் எஸ்டேட் ஜீப்புகளெல்லாம் ஊருக்குள் வந்த புது பங்குக்குப் போய்விட்டன. பேச்சுத் துணைக்குக்கூட ஆள் வருவதில்லை. போன தடவை நான் மறுக்க முடியாமல் சாப்பிட்டேன். வெகு நாளைக்குப் பிறகு எதிரில் ஓர் ஆளோடு உட்கார்ந்து சாப்பிட்ட சாப்பாடு.

அதனால் இன்று கறை விழுந்துவிடக் கூடாதே என்று எனக்கே பதைப்பாக இருந்தது.

சொட்டின் ஓரம் காய்ந்தது. நடுவில் இருந்த ஈரமும் போனது. தாளை வெயிலில் தூக்கிப் பார்த்தேன். கறை இல்லை.

“சுத்தமா இருக்கு அண்ணாச்சி. இதோட இந்தப் புகாரை முடிச்சிருவாங்க. இனி நான் வர வேண்டியதில்ல.”

அவர் முகம் செத்துப்போனது. நல்ல சேதிக்கு ஏன் இப்படி ஆகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

“சரி சார். ஒரு வாய் சாப்பிட்டாவது போங்க.”

உள்ளே போனேன். இரண்டு தட்டுகள் கழுவித் தயாராக இருந்தன. சோறும் இரண்டு பேருக்கு வடித்திருந்தது. கருவாட்டுக் குழம்பு. போன தடவை நான் ஓரமாக ஒதுக்கிவைத்த கத்தரிக்காய் இன்று குழம்பில் இல்லை. அதற்குப் பதிலாக மாங்காய் போட்டிருந்தார்.

சோதனைக்கு யாரும் சொல்லிவிட்டு வருவதில்லை. நான் வருவதை எங்கள் கிளார்க் ஒரே ஓர் ஆளிடம்தான் சொல்லியிருந்தார். “நாளைக்கே ஆள் வரும்” என்று, போனில், புகார் சொன்னவனிடம்.

ஜேசுராஜ் என்னை நிமிர்ந்து பார்க்காமல் குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தார். நான் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன்.

“பழைய புகாரைத்தான் முடிப்பாங்க அண்ணாச்சி. புதுசா ஒண்ணு வந்தா, நான் வந்துதானே ஆகணும்.”

கரண்டி நின்றது.

“யாராச்சும் சொல்லாமயா இருப்பாக சார்” என்றபடி, இருந்ததிலேயே பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து என் தட்டில் வைத்தார்.