பதினாலு பேருக்கும் விசாரணை

"கையை எடு புள்ள! யாரைக் கேட்டு நிப்பாட்டப் போற?"

கந்தப்பன் போட்ட சத்தத்தில் வினோதாவின் விரல் மவுசிலேயே ஒட்டிக்கொண்டது.

நோர்வூட்டில் இருக்கும் அந்தத் தொழிற்சங்கக் காரியாலயத்தில் அவள் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டே நாள்தான் ஆகிறது. செயலாளர் நிரஞ்சன் காலையிலேயே போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"கம்பியூட்டர்ல 'அவசரம்'னு ஒரு கடிதம் அடிச்சு வச்சிருக்கேன். பிரின்ட் எடுத்து, அதுல பேர் இருக்கிற ஆள் கையில பன்னெண்டு மணிக்குள்ள குடுத்திடணும். பன்னெண்டு தாண்டினா கடிதம் செல்லாது. செல்லாமப் போச்சுன்னா நாளைக்கு நீ வர வேணாம்."

வர வேண்டாமாம்! இந்த வேலையும் போனால் கொழும்பில் ஏதாவதொரு துணிக்கடையில் போய் நிற்க வேண்டியதுதான்.

மணி பதினொன்று பத்து. கடிதத்தைத் திறக்கப் போனால், 'இந்தக் கோப்பு ஏற்கெனவே திறந்திருக்கிறது' என்று கம்பியூட்டர் அடம்பிடித்தது. திரையில்தான் ஒன்றையும் காணோமே! ஹட்டனில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் துஷாந்த் அண்ணன்தான் போனிலேயே நோயைக் கண்டுபிடித்தார். செயலாளர் எழுதப் பாவிக்கும் 'எடிட்டர்' என்ற புரோகிராம், மூடினாலும் முழுசாக மூடாதாம். உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்குமாம். உள்ளே ஓடுவதையெல்லாம் வரிசையாகக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், அம்மாடி, ஒன்றல்ல இரண்டல்ல, பதினாலு! அத்தனையையும் நிறுத்தினால்தான் கடிதம் திறக்கும். கம்பியூட்டரையே அணைத்துப் போடலாமென்றால், அந்தக் கிழட்டு மிஷின் மறுபடி எழும்ப ஒரு மணி நேரம் பிடிக்கும்.

நிறுத்தப் போன நேரத்தில்தான் இந்தச் சத்தம். கந்தப்பன், மேல் பிரிவுத் தேயிலைத் தோட்டத்தின் சங்கத் தலைவர். செயலாளர் வரச் சொன்னாரென்று காலை எட்டு மணியிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், இப்போது எழுந்து அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"தலைவரே, இது ஆள் இல்லீங்க. புரோகிராம்."

"ஆள் இல்லாமலா வரிசையா பேர் போட்டிருக்கு? காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டு லிஸ்ட் மாதிரியில்ல இருக்கு!"

"எடிட்டரை மூடியாச்சுங்க. இதுங்க வெளிய போகாம உள்ளுக்கே நிக்குதுங்க. வேலை ஒண்ணும் செய்யல. சும்மா மெமரியத் தின்னுதுங்க."

"அதுங்க வேலை செய்யலையா, இல்ல நீங்க வேலை குடுக்கலையா? அதைச் சொல்லு மொதல்ல."

வினோதா மறுபடி மவுசைப் பிடித்தாள்.

"எத்தனை வருஷ சர்வீஸ்? எச்சரிக்கைக் கடிதம் குடுத்தீங்களா? விசாரணை வச்சீங்களா?"

"கம்பியூட்டருக்குள்ள எங்கங்க விசாரணை வைக்கிறது?"

"அப்ப தொடாதே. மீறித் தொட்டா இந்த மேசைக்கு முன்னாலயே உண்ணாவிரதம் உக்காந்திருவேன். நான் சொன்னா செய்வேன்!"

செய்வார். கொழுந்து எடையைக் குறைத்துப் போடுகிறார்கள் என்று, தராசின் மேலேயே ஏறி அரை நாள் உட்கார்ந்திருந்த மனுஷன் அவர். வேறு வழியில்லாமல் விசாரணை தொடங்கியது.

"மொதலாவது ஆள் பேரென்ன?"

"எடிட்டர்."

"ரெண்டாவது?"

"எடிட்டர். பதினாலும் எடிட்டர்தாங்க."

"பாத்தியா! இங்கதான் தப்பு நடக்கும். எங்க தோட்டத்துல ஏழு காளியாயி இருக்காங்க. ஒருத்தி லீவு போட்டதுக்கு இன்னொருத்தியை நிப்பாட்டிட்டாங்க. மூணு நாள் ஸ்ட்ரைக் அடிச்சோம். சரி, இதுல எது உன் கடிதத்தைப் பிடிச்சு வச்சிருக்கு?"

"தெரியாதுங்க."

"தெரியாமலேயே பதினாலு பேரையும் வீட்டுக்கு அனுப்பப் பாத்த!"

ஒவ்வொன்றின் குற்றத்தையும் அவள் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். அதன் சார்பில் கந்தப்பன் பதில் பேசுவார். பிறகு தீர்ப்பையும் அவரே சொல்வார். அதற்கப்புறம்தான் அவள் அதை நிறுத்தலாம். ஐந்தாவதுக்கு இன்னொரு சந்தர்ப்பம் கொடுக்கச் சொல்லி மன்றாடினார். எட்டாவதின் நடுவே தொண்டை வறண்டு தேத்தண்ணி கேட்டார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் வினோதா ஊற்றிக் கொடுத்தாள்.

பதிமூன்று போய்விட்டது. கடிதம் இன்னும் திறக்கவில்லை. மணி பதினொன்று ஐம்பத்தாறு.

"கடைசி ஆளு, பாவம். இவனுக்கு ஒரு வாரம் தவணை குடுப்போம்" என்று கந்தப்பன் கோப்பையைக் கீழே வைத்தார்.

வினோதாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "தலைவரே, பன்னெண்டுக்குள்ள இந்தக் கடிதம் போகாட்டி என் வேலை போயிரும்! எனக்கு யாருங்க விசாரணை வைப்பாங்க?"

கந்தப்பன் அவளைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது.

"உன் வேலையா? இதை மொதல்லயே சொல்ல வேணாமா புள்ள? என்னால இதுவரைக்கும் ஒரு ஆளுக்கும் வேலை போனதில்ல. அமுக்கு, சீக்கிரம் அமுக்கு!"

அமுக்கினாள். பதினாலாவதும் ஒழிந்தது. கடிதம் திறந்தது. பிரின்டர் முக்கி முனகி ஒரு தாளைத் துப்பியபோது பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் இருந்தது. யாரைத் தேடி ஓட வேண்டுமோ என்று பதறிக்கொண்டே பெயரைப் படித்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

'திரு. மு. கந்தப்பன் அவர்களுக்கு. எதற்கெடுத்தாலும் விசாரணை கேட்டுச் சங்க வேலையைத் தாமதப்படுத்துவதால், தோட்டத் தலைவர் பதவியிலிருந்து தாங்கள் உடனடியாக நீக்கப்படுகிறீர்கள்.'

"குடு தாயி" என்று கையை நீட்டினார் கந்தப்பன். "இப்படி ஒரு கடிதம் எனக்கு வருதுன்னும், பன்னெண்டு தாண்டினா செல்லாதுன்னும் நேத்தே காதுல விழுந்துச்சு. பன்னெண்டு வரைக்கும் எப்படியாவது இழுத்தடிச்சிரலாம்னுதான் பாத்தேன். கையெழுத்து எங்க போடணும்?"