தளவாயைத் தாண்டி ஒரு கோல்

சாரலில் நனைந்த தென்காசி மைதானத்தில், மட்டையால் பந்தை உருட்டிக்கொண்டு சிவகிரி அணியின் மந்திரமூர்த்தி நேராகத் தளவாயை நோக்கி ஓடி வந்தான்.

ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை. கோல் கீப்பர் வழுக்கி விழுந்து கிடந்தான். நடுவில் நின்றது தளவாய் மட்டும்தான்.

பதினாலு வருஷம் போலீஸ் ஹாக்கி அணியில் பேக் என்னும் தடுப்பாட்டம் ஆடி, அறுபது வயதில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தென்காசி அணிக்கு ஆள் குறைந்ததால் இன்று இறங்கினார் என்று ஊர் நினைத்தது.

அவர் இறங்கியது தோற்பதற்கு.

குற்றாலத்தில் குளிக்க வந்த போலீஸ் அணி அதிகாரி ஆட்டம் பார்க்க உட்கார்ந்திருந்தார். இந்தச் சிவகிரிப் பையன் தளவாயைத் தாண்டி ஒரு கோல் போட்டால் போதும், கையோடு வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

பையன் வேறு யாருமில்லை, தளவாயின் அக்காள் தங்கத்தாயின் மகன். காக்கிச் சட்டை போட்ட பிறகு பெண் கேட்டு வரட்டும் என்று, போன பொங்கலுக்கு அக்காளின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வெறும் வீம்பு. அன்றிலிருந்து மகள் குருவம்மாள் அவருக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கவும் அவருக்கு வாய் வரவில்லை.

மட்டையைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும். ஏமாந்தவன் மாதிரி நின்றுகொள்ளலாம்.

மந்திரமூர்த்தி மட்டையை ஓங்கினான்.

பந்து வந்தது. பாழாய்ப்போன உடம்பு கேட்கவில்லை. இடுப்பு தானாக வளைந்தது, மட்டை தானாகத் தரையில் படிந்தது. பந்து அவர் காலடியில் நின்றுவிட்டது.

விசில் ஊதினார்கள். அதிகாரி தளவாயைப் பார்த்துச் சிரித்து, கை தட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

தளவாய்க்கு வந்த அழுகை கோபமாக மாறியது. பச்சைப் பிள்ளைகூட நிறுத்தியிருக்கும், அப்படி ஒரு சோப்ளாங்கி அடி. இவனை நினைத்தா குருவம்மாள் உருகுகிறாள்? விறுவிறுவென்று போய் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"ஏலே, அத்தன வேகமா ஓடியாந்துட்டு, அடிக்கையில மட்டும் ஏம்லே தொவண்டு போன?"

அவன் தலை நிமிரவில்லை.

"பலமாத்தான் ஓங்குனேன் மாமா. ஒங்க காலுல பட்டிருமோன்னு கை இளகிட்டு."

தளவாய் பிடித்த தோளை விட்டார். பிறகு, வெள்ளிக்கிழமை அம்மையைக் கூட்டிக்கொண்டு பூவும் பழமுமாக வீட்டுக்கு வந்து சேர் என்றார்.